மிதித்த கால் மெல்லக் கீழே போகிறதா? பழைய காரில் பிரேக் பெடல் இறங்கும் கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு சாயங்காலம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு டவுன் பஸ். பிரேக்கில் லேசாக வைத்திருந்த கால், நான் அழுத்தாமலே மெல்ல மெல்லக் கீழே போனது. வண்டி ஒரு முழம் முன்னே நகர்ந்தது. பதறிக் காலை எடுத்து மறுபடி மிதித்தேன். பெடல் பழைய உயரத்திலேயே கல் மாதிரி நின்றது. பத்து எண்ணுவதற்குள் திரும்பவும் இறங்கத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டேன்.

அது அப்பா 1997இல் வாங்கிய மாருதி 800. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு பட்டறையில் பின் சக்கர லைனிங் மாற்றி, ஏர் எடுத்துத் (பிரேக் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றித்) தந்திருந்தார்கள். மறுபடி கொண்டுபோனேன். மறுபடி ஏர் எடுத்தார்கள். பிறகு பின் சக்கரங்களில் ஆயிலின் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் இரண்டு வீல் சிலிண்டரையும் மாற்றினார்கள். பெடல் இறங்குவது நிற்கவில்லை. கடைசியில் கோளாறு இருந்த இடம் வேறு. அது வந்த காரணமோ, அவர்கள் ஏர் எடுத்த விதம். அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

மாருதி 800, அம்பாசடர் இரண்டுமே 2014இல் உற்பத்தி நின்ற வண்டிகள். ஆகவே இன்று ஓடுவதில் கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் இவை இன்னும் வாழைத்தார் ஏற்றிக்கொண்டும், குடும்பத்தோடு குற்றாலம் போய்க்கொண்டும் இருக்கின்றன. இவற்றின் பிரேக்கில் ரப்பரும் ஆயிலும்தான் உயிர். இரண்டுக்கும் வயதாகும். பாகத்தை மாற்றுவதற்கு முன் அரை நாள் செலவழித்துக் கோளாறு இருக்கும் இடத்தைப் பிரித்து அறிந்துவிட்டால் பணமும் மிஞ்சும், உயிருக்கும் பயமில்லை.

வண்டியை முதலில் நிறுத்துங்கள்

பெடல் இறங்குகிறது என்று தெரிந்த பிறகு "பக்கத்துலதான், போயிட்டு வந்திருவோம்" என்று எடுக்காதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கட்டி இழுத்தும் போகக் கூடாது. கயிற்றில் வரும் வண்டிக்கும் பிரேக் வேண்டும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள், அல்லது மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். பல நேரம் மூன்றாவது, நான்காவது மிதியில் கொஞ்சம் பிடிக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். சாவியை அணைக்க வேண்டாம். என்ஜினின் வெற்றிடத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரின் உதவி போய்விடும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.

"இறங்குது" என்பது நான்கு விதம்

பட்டறையில் போய் "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொன்னால், அவரவர் அனுபவத்துக்கு ஏற்ப ஏதோ ஒன்றைக் கழற்றுவார்கள். எந்த விதம் என்று நீங்களே முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மிதித்ததும் நன்றாக நின்று, காலை அப்படியே வைத்திருக்க வைத்திருக்க மெதுவாகக் கீழே போவது ஒன்று. உண்மையில் இறங்கும் பெடல் என்பது இதுதான். ஆயில் எங்கோ வெளியே ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே (மிதித்ததும் ஆயிலை அமுக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும் உருளை இது) ரப்பர் கப்பைத் தாண்டிப் பின்னால் நழுவுகிறது.

முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் உயர்ந்து, பிறகு அசையாமல் நிற்பது இன்னொன்று. பெரும்பாலும் பின் சக்கரத்தில் லைனிங் ஒட்டிய ஷூவுக்கும், அது உரசிப் பிடிக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிப்போயிருக்கும். இதற்குப் போய் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

மூன்றாவது, பஞ்சு மாதிரி மெத்தென்று அமுங்குவது. குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது.

நான்காவது, மலை இறங்கும்போது மட்டும் வருவது. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும்போதோ, ஆரியங்காவு தாண்டி புளியரை வளைவுகளில் வரும்போதோ, நன்றாக இருந்த பெடல் திடீரென்று தரைக்குப் போகும். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்துவிடும். இது ஆயில் கொதித்ததால் வருவது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் ஆவி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் தரைக்குப் போவது அதனால்தான். ஆயிலை முழுவதும் மாற்றுவதும், இறக்கத்தில் சிறிய கியரில் வருவதும்தான் இதற்கு மருந்து. பெடல் திரும்பி வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த இறக்கத்திலும் இதே நடக்கும்.

கையில் என்ன வேண்டும்

சரியான அளவு ரிங் ஸ்பேனர் (சக்கரத்தில் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 10), ஜாக்கி, அதோடு வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் இரண்டு, டார்ச் லைட், மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் உள்ளே தெரியும் ட்யூப் ஒரு கெஜம், காலி பாட்டில், பழைய வேட்டித் துணி, அளக்கும் டேப், சீல் உடைக்காத பிரேக் ஆயில் டப்பா. உதவிக்கு ஓர் ஆள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்லைவிடக் கருங்கல் வைப்பது நல்லது. செங்கல் நொறுங்கும்.

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். மேலே பட்டால் துடைத்துவிட்டால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். லைனிங்கும் பேடும் தேயத் தேய மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்புதான். ஒரு வாரத்தில் விரல் அகலம் இறங்கினால் ஒழுக்கு. புது ஆயில் வெளுத்த தேங்காய் எண்ணெய் நிறத்தில் இருக்கும். கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்து அடியில் கறுப்புப் பொடி சுழன்றால் உள்ளே ரப்பர் அரைபடுகிறது என்று அர்த்தம்.

டப்பாவில் மட்டம் குறையவே இல்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் சந்தேகம் நேராக மாஸ்டர் சிலிண்டரின் உள்பக்கம் போகும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. இந்த ஒன்றைக் கவனித்திருந்தால் இரண்டு வீல் சிலிண்டரையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை.

மட்டம் குறைந்தால் ஒவ்வொரு சக்கரமாகப் போங்கள். டயரின் உள்பக்கச் சுவரில் ஈரக்கோடு ஓடியிருக்கிறதா? பின் ட்ரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் அது போய்விட்டது. டிஸ்க் இருக்கும் சக்கரத்தில், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனைச் சுற்றிப் பாருங்கள். பிறகு ஹோஸ், அதன் இரு முனை, கடைசியாக அடியில் ஓடும் இரும்புக் குழாய். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி மாதிரிக் கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிக்கு இந்தக் குழாய் உப்புக் காற்றில் வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். கிளிப்பைத் தளர்த்தி அதன் அடியில் பாருங்கள்.

பின் சக்கரத்தில் ஈரம் கண்டால் அது பிரேக் ஆயிலா, ஆக்ஸில் சீல் ஒழுகி வந்த கியர் ஆயிலா என்ற குழப்பம் அம்பாசடர் மாதிரி பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போகும். கியர் ஆயில் மேலே வட்டமாக மிதக்கும், நாற்றமும் தனி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையமே மூழ்கிக் கிடந்தது நினைவிருக்கும். அப்படித் தண்ணீரில் நின்ற வண்டி கைமாறி உங்களிடம் வந்திருந்தால், ட்ரம்மைக் கழற்றாமலும் ஆயிலை மாற்றாமலும் மற்ற எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

காலால் செய்யும் சோதனை

இந்த ஒன்றை அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டேன். நான் பலம் கொண்ட மட்டும் பெடலை மிதித்துக் காட்டி, "பாருங்க அண்ணாச்சி, இப்ப இறங்கல, ரோட்டுலதான் இறங்குது" என்றேன். அவர் கதவருகே வந்து குனிந்து என் காலைப் பார்த்தார்.

"சவட்டி மிதிச்சா கள்ளன் பதுங்கிக்கிடுவான் தம்பி. சும்மா கால வச்சுக்கிட்டு இரிங்க, அவனே வெளிய வருவான்."

அப்படியே செய்தேன். அரை நிமிடத்தில் பெடல் இறங்கியது.

காரணம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் வடிவம். கிண்ணம் மாதிரி, வாய்ப்பக்கம் ஆயிலைப் பார்த்தபடி இருக்கும். ஓங்கி மிதித்தால் ஆயிலின் அழுத்தம் கிண்ணத்தின் விளிம்பை விரித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்ட வைத்துவிடும். தேய்ந்த கப்கூட அப்போது தாங்கிக்கொள்ளும். லேசாக மிதிக்கும்போது விளிம்பை விரிக்கும் அழுத்தம் இல்லை. தேய்ந்த இடம் வழியாக ஆயில் பின்னால் கசியும். நெரிசலில் நிற்கும்போது நாம் மிதிப்பது இந்த லேசான மிதிதான். வீதியில் வரும் கோளாறு பட்டறையில் வராமல் போவதன் ரகசியம் இதுவே.

செய்யும் முறை: சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். என்ஜினை அணையுங்கள். பூஸ்டர் உள்ள வண்டியானால் ஐந்தாறு முறை மிதித்து அதில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடல் கடினமாகும். அளக்கும் டேப்பை ஸ்டீயரிங்கின் கீழ் விளிம்பிலிருந்து பெடல் வரை பிடித்து, கால் வைத்த நிலையில் எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது முட்டையை மிதிக்கிற மாதிரி லேசாக அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மறுபடி அளங்கள். பிறகு நடுத்தர அழுத்தம், ஒரு நிமிடம். பிறகு நன்றாக ஓங்கி, ஒரு நிமிடம். மூன்றிலும், அழுத்தத் தொடங்கியபோது இருந்த அளவு அந்த நிமிடத்தின் முடிவில் மாறியிருக்கக் கூடாது.

லேசான மிதியில் இறங்கி, ஓங்கிய மிதியில் நின்றால் மாஸ்டர் கப். மூன்றிலும் இறங்கினால் மாஸ்டர் கப்பாகவும் இருக்கலாம், வெளி ஒழுக்காகவும் இருக்கலாம். பாதி தூரம் தொபுக்கென்று விழுந்து அங்கே கெட்டியாக நின்றால், இரட்டை அறை மாஸ்டரில் ஓர் அறையின் வழி முழுவதும் போய்விட்டது; மிச்சப் பாதியில்தான் வண்டி நிற்கிறது.

அடுத்து, காலை வைத்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கி நிற்கும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். இதைப் பார்த்துப் பயந்து மாஸ்டரை மாற்றாதீர்கள். என்ஜின் ஓடும்போது நின்ற வண்டியில் ஓங்கி மிதித்தால் பூஸ்டரின் பலத்தில் ஹோஸ்கள் லேசாக விரிந்து பெடல் கொஞ்சம் உள்ளே போவதும் உண்டு. அதனால்தான் என்ஜினை அணைத்த சோதனையை முதலில் சொன்னேன்.

இதே சோதனையை வண்டி சூடான பிறகு, மத்தியான வெயிலில் ஒரு முறை செய்யுங்கள். சூட்டில் ஆயில் இளகும். காலையில் மறைந்திருக்கும் கசிவு அப்போது தெரியும்.

டப்பாவுக்குள் பார்ப்பது

ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருங்கள். உதவியாள் மெல்ல மிதிக்கட்டும். மிதி தொடங்கும் நொடியில் சின்ன ஊற்று மாதிரி ஒன்று எழும்பும். அது சரிதான். கப் ஒரு சிறு துளையைத் தாண்டி மூடும் முன் கொஞ்சம் ஆயில் திரும்பி வருகிறது. அதற்குப் பிறகும், பெடல் இறங்க இறங்க, அடியிலிருந்து ஆயில் சுருண்டு எழும்பிக்கொண்டே இருந்தால் கப்பைத் தாண்டி ஆயில் வருகிறது. ஓங்கி மிதிக்கவோ சட்டென்று விடவோ சொல்லாதீர்கள். ஆயில் கண்ணில் தெறிக்கும்.

பின் ஷூ சந்தேகம் தீர

ஹேண்ட் பிரேக்கை நான்கைந்து பல் இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் இப்போது நன்றாக மேலே நின்றால் பின் ஷூவின் இடைவெளி அதிகம். தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருக்கிற வண்டியிலும் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். சக்கரத்தைத் தூக்கி, ட்ரம்முக்குப் பின்னாலுள்ள அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும் வரை திருப்பி, பிறகு சக்கரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றும் வரை பின்னால் விடுங்கள். இரண்டு பக்கமும். ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்துக் கட்டி இந்த இடைவெளியைச் சரிசெய்ய நினைப்பது தவறு. முதலில் ஷூ, அப்புறம்தான் கேபிள்.

ஒதுக்கி ஒதுக்கிக் கண்டுபிடிப்பது

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? மாஸ்டரையும் மற்றதையும் பிரித்துவிடலாம்.

நம்பகமான வழி: மாஸ்டரிலிருந்து போகும் குழாய்களைக் கழற்றி, அந்தத் துளைகளை அடைத்துவிட்டு மிதிப்பது. அடைப்பதற்குப் பழைய பிரேக் குழாயின் நட்டை இரண்டு விரல் நீளக் குழாயோடு வெட்டி, முனையை மடக்கிப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். மரை அப்படியே பொருந்த வேண்டும், வேறு அளவைத் திணித்தால் மாஸ்டர் கெடும். அடைத்தபின் உதவியாள் மிதித்திருக்க, ஒவ்வோர் அடைப்பையும் நூலளவு தளர்த்திக் காற்றை வெளியேற்றி இறுக்குங்கள். இப்போது பெடல் உயரமாக, மரக்கட்டையை மிதித்த மாதிரி நிற்க வேண்டும். அப்போதும் இறங்கினால் கோளாறு மாஸ்டரில்தான், வேறெங்கும் தேட வேண்டாம். நின்றுவிட்டால் மாஸ்டர் நல்லது. கோளாறு சக்கரங்களுக்குப் போகும் வழியில்.

சக்கரங்களில் எது என்று பார்க்க, ஹோஸ்களை ஒவ்வொன்றாக வழுவழுப்பான வாய் கொண்ட கிளாம்பால் மெல்ல இறுக்கிப் பார்ப்பார்கள். எந்த ஹோஸை இறுக்கியதும் பெடல் நிற்கிறதோ அந்தச் சக்கரம். சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் ஹோஸின் உள் சுவர் கிழியும். என் கருத்து: ஹோஸ் பத்து வருடம் தாண்டியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பிறகு அதை மாற்றிவிடுங்கள். ரப்பரில் வெடிப்பு கண்டால் சோதனையே வேண்டாம், நேராக மாற்றுங்கள்.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் வால்வு வழியாகவும் கசியலாம். மாஸ்டர் நல்லது, நான்கு சக்கரமும் நல்லது, இன்னும் இறங்குகிறது என்ற நிலைக்கு வந்தபின்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு

மட்டம் குறைகிறது, ஆனால் எங்கேயும் ஈரமில்லை. இந்தப் புதிருக்கு விடை பூஸ்டருக்குள் இருக்கும். மாஸ்டரின் பின்பக்கச் சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கும். என்ஜின் அதை உறிஞ்சி எரித்தால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும். மாஸ்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் கழற்றி, குழாய்களை வளைக்காமல் ஒரு விரல் அகலம் முன்னால் இழுத்து, பின்முகத்தில் வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். பூஸ்டர் இல்லாத பழைய வண்டியில் இந்தக் கசிவு பெடல் தண்டு வழியாக வண்டிக்குள்ளேயே வரும். பெடலுக்கு மேலே கை விட்டுத் தடவினால் தெரியும்.

கிட் போதுமா, முழு மாஸ்டரா

மாஸ்டரைக் கழற்றிப் பிரித்ததும் உள் துளையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தை உள்ளே விட்டு மெல்ல இழுங்கள். எங்கும் இடறாமல் கண்ணாடியாக வந்தால் கிட் (புது ரப்பர்களின் தொகுப்பு) போட்டால் போதும். இடறினால், சுற்றிலும் கறுப்பு வளையமாகத் துரு அரித்திருந்தால், புது மாஸ்டர்தான். இரும்புத் துளையில் மேலோட்டமான கறையை மிக மெல்லிய உப்புத்தாளால் எடுப்பார்கள். அலுமினியத் துளையில் அதையும் செய்யக் கூடாது. புதுக் கப் பழைய குழியின் மேல் ஓடினால் சில மாதத்தில் கிழியும்.

பாகங்களைப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவ விடாதீர்கள். இது நம் பட்டறைகளில் கை பழகிப்போன தவறு. அந்த எண்ணெய் ரப்பரில் ஏறினால் கப் ஊறிப் பருத்துவிடும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். ஆயில் டப்பாவில் யாரோ என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றிவிட்டார்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். மாஸ்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் சீல், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

புது மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளித் தள்ளிக் குமிழி வருவது நிற்கும் வரை காற்றை எடுத்துவிடுங்கள். மாட்டியபின் பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியபடியே இருந்து, பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும்.

ஏர் எடுக்கும்போது செய்யக் கூடாதது

என் வண்டிக்கு நடந்தது இதுதான். வருடக்கணக்காக மாஸ்டரின் பிஸ்டன் தன் பயணத்தின் முதல் பாதியில் மட்டுமே ஓடியிருக்கும். அதற்கு அப்பால், அது எட்டாத இடத்தில் துருவும் பிசினும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது நிப்பிள் திறந்திருப்பதால் பெடல் தரை வரை போகும். அந்த வயதான கப், தான் ஒருநாளும் போகாத சொரசொரப்பான இடத்தில் போய் உரசும். நான்கைந்து முறை உரசினால் விளிம்பு கிழிந்துவிடும். ஏர் எடுத்து வந்த பிறகுதான் பெடல் இறங்க ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். என் மாஸ்டரைப் பிரித்தபோது கப்பின் விளிம்பில் பிறை மாதிரி ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. விரல் நகத்தில் பாதி அளவு.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. பெடல் தன் முழுப் பயணத்தில் பாதிக்கு மேல் போகாதபடி கட்டையின் உயரம் இருக்கட்டும். கொஞ்சம் கூடுதல் முறை மிதிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வரிசை: பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில். நம் ஊர் வலதுபக்க ஸ்டீயரிங்கில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ட்யூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும்.

என் அக்காள் மகன்தான் மிதிப்பான். நான் சக்கரத்தடியில்.

"மாமா, அமுக்கியாச்சு."

"அப்படியே பிடி." நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். ட்யூபில் பால் மாதிரி வெள்ளைக் குமிழி ஓடும்.

"கால் உள்ள போவுது மாமா."

"போகட்டும்லே, எடுத்திராத." நிப்பிளை மூடுவேன். "இப்ப விடு. மெதுவா."

மூடும் முன் அவன் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். அதனால் நான் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்பது மட்டும் எங்களுக்குள் கண்டிப்பான பேச்சு. நான்கைந்து மிதிக்கு ஒரு முறை டப்பாவில் ஆயில் ஊற்றுங்கள். டப்பா வறண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வடிந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். போன வருடம் திறந்து வைத்த டப்பாவும் வேண்டாம், அது ஈரம் குடித்திருக்கும். வண்டிக்கு டாட் 3 என்றால் டாட் 4 ஊற்றலாம். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கக் கூடாது.

வெளியே எடுக்கும் முன்

லேசான மிதி, நடுத்தர மிதி, ஓங்கிய மிதி மூன்றையும் டேப் வைத்து மறுபடி அளங்கள். நான்கு சக்கரமும் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். பிறகு ஆளில்லாத சமதரையில், நடக்கும் வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள். அடுத்து இருபது, முப்பது கி.மீ. வேகம். நிறுத்தியபின் இறங்கி, கழற்றிய ஒவ்வொரு நட்டிலும் விரலை வைத்து ஈரம் பாருங்கள். நாங்குநேரி நாற்கர ரோடும், புளியரை இறக்கமும் ஒரு வாரம் கழித்து.

அந்த ஒரு வாரமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் டப்பாவின் மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். என் டப்பாவில் அப்போது போட்ட கோடு இன்னும் இருக்கிறது. ஆயில் அதற்குக் கீழே போகவில்லை.